தம்பி சொன்ன ஒரு வரி

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. மூன்று நிமிடப் பேச்சாகப் பிறந்தது. அதுவும் என் பேச்சு இல்லை, மாடி வீட்டு அக்காவுடையது. என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனால் எங்கள் கட்டடமே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது, நான் மட்டும் எதற்கு விலக்கு?

அணுமின் நிலையத்தின் உரிமம் அடுத்த வருடம் முடிகிறது. இன்னும் இருபது வருடம் ஓட்டிக்கொள்கிறோம் என்று நிர்வாகம் விண்ணப்பித்திருக்கிறது. ஆட்சேபம் இருப்பவர்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்து, விசாரணைக் குழுவின் முன் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவர். மைக் பிடித்துப் பழக்கமில்லை. நான் கதை எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாலை கதவைத் தட்டி, பேச வேண்டியதை எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

என் கதவை யாராவது தட்டி வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

2

முதல் தொடக்கம்: "சூரியனை ஒரு பானைக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். அந்தப் பானைக்கு வயதாகிவிட்டது, ஆகவே..."

அடித்துவிட்டேன். ஆகவேக்குப் பிறகு என்ன என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது: "மதிப்பிற்குரிய குழுவினரே, நம் பிள்ளைகளுக்கு எதை விட்டுச்செல்லப்போகிறோம் என்ற கேள்வியை..."

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. எனக்கும் இல்லை.

மூன்றாவதை முழுதாக எழுதி வாசித்துக் காட்டினேன். அக்கா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா பயமா இருக்குன்னு சொல்றதத்தானே சுத்திச் சுத்திச் சொல்லியிருக்கீங்க? அத போன கூட்டத்துலயே சொல்லியாச்சு. எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க."

[இந்த இடத்தில், நிலையத்தை எதிர்க்கும் போராட்டக் குழுவைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. ஒரு காலத்தில் மண்டபம் கொள்ளாத கூட்டமாம். பாதிப் பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். மீதிப் பேரின் பிள்ளைகளுக்கு நிலையத்திலேயே வேலை கிடைத்தது. இப்போது சைக்கிள் கடையின் பின்னறையில் கூடுகிறார்கள். பல நாள் அக்காவும் கடைக்காரரும் மட்டும்தான், அவரும் பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்பார். பத்தி ரொம்ப அழுதது, எடுத்துவிட்டேன்.]

3

பயத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது உங்களிடம் என்று கேட்டேன். அக்கா சொன்னார்.

அவருக்கு ஒரு தம்பி. நிலையத்தில் பம்ப் பராமரிப்புப் பிரிவில் வேலை. ஞாயிறுதோறும் மதியம் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அக்கா எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். தம்பி எங்கே சம்பளம் வாங்குகிறார் என்று அக்காவுக்கும் தெரியும். அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று இருவருக்கும் இடையே பேசாமலே ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன மனக்கஷ்டமோ, சாப்பிட்டுக்கொண்டே தம்பி சொன்னார்:

[                                        ]

அடைப்புக்குறிக்குள் அவர் சொன்ன வரி இருந்தது. நான்தான் நீக்கினேன். ஒரு குழாய், அதற்குச் செய்ய வேண்டிய ஒரு சோதனை, செய்யாமலே செய்ததாகப் போட்ட ஒரு கையெழுத்து. உங்களுக்கு இவ்வளவு போதும். கையெழுத்து தம்பியுடையது.

அந்த வரியைக் கூட்டத்தில் சொன்னால் விசாரணைக் குழு வெறுமனே எழுதிக்கொண்டு போய்விட முடியாது. உரிம நீட்டிப்பே நின்றுபோகலாம். ஆனால் அது யார் வாயிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு பொழுது ஆகாது. தம்பிக்கு வேலை போகும், நிலையக் குடியிருப்பில் கொடுத்த வீடு போகும், வழக்கும் வரும். சொல்லாவிட்டால் அக்காவிடம் மிஞ்சுவது பழைய பயம்தான்.

பேச்சை அப்படியே மூடி வைத்துவிட்டு இந்தக் கதையை ஆரம்பித்தேன். அக்காவுக்குத் தெரிந்தேதான். கதையில் என்ன ஆகிறதென்று முதலில் பார்ப்போம் என்றார்.

4

கதையில் தம்பி சரியாக வரவில்லை. நான் அவரைப் பார்த்ததே இல்லை. முதலில் வில்லனாக எழுதினேன்: மேலதிகாரியிடம் குழைகிறவர், நம் முகத்தைப் பார்த்துப் பேசாதவர். அக்கா படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு கோழையாக எழுதினேன். அதற்குச் சிரிக்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

அ) அக்கா அந்த வரியைச் சொல்கிறார். அரங்கமே வாயடைத்துப் போகிறது. அடுத்த ஞாயிறு அவர் ஒரே ஒரு தட்டு எடுத்து வைக்கிறார்.

ஆ) அக்கா சொல்லவில்லை. தம்பி வருகிறார், சாப்பிடுகிறார். அக்காவால் அவர் கையைப் பார்க்க முடியவில்லை.

இ) மைக்கின் முன் அக்கா தடுமாறி நிற்கிறார். ஊழியர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையிலிருந்து தம்பி எழுந்து, நான் சொல்கிறேன் என்கிறார்.

எனக்கு மூன்றாவது பிடித்திருந்தது. வாசித்தபோது என் குரலே கொஞ்சம் தழுதழுத்தது, வெட்கக்கேடு. அக்கா தலையை ஆட்டினார்.

"எந்திரிக்க மாட்டான். அவனைப் பெரிய ஆளாக்காதீங்க. எந்திரிக்காத தம்பிதான் எனக்கு இருக்கான். அவன்தான் எனக்கு வேணும்."

5

(பக்கவாட்டில் ஒரு குறிப்பு. அக்கா மாலைதோறும் வந்தார். எழுதியதைக் கேட்பார், திருத்துவார், டீ குடிப்பார், போவார். கதை முடிந்தால் வரமாட்டார். ஒரு முடிவு போதுமென்கிற இடத்தில் மூன்று எழுதியது இலக்கியத்துக்காக என்று நீங்கள் நினைத்திருந்தால் மிக்க நன்றி. அவர் போன பிறகு கோப்பையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் மேசையிலேயே வைத்திருப்பேன். தனியாக இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவர் வரத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.)

6

ஆனாலும் பேசச் சொல்லித்தான் வற்புறுத்தினேன். ஊர் மொத்தத்தின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், இதில் தம்பியாவது அண்ணனாவது என்று நியாயம் பேசினேன். சரியான நியாயம்தான். இப்போதும் அது சரி என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். "உங்களுக்கென்ன, எழுதி முடிச்சிட்டு அடுத்த கதைக்குப் போயிடுவீங்க. ஞாயித்துக்கெழம நான் யாருக்குச் சமைக்கிறது?"

எனக்குச் சமைக்கலாமே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. கொஞ்சமும் விவஸ்தை இல்லாத குரல். வெளியே நான் இன்னும் கொஞ்சம் டீ வேண்டுமா என்று கேட்டேன்.

அதன் பிறகு அவர் வரவில்லை. நான் வெறும் வாக்கியங்களோடு உட்கார்ந்திருந்தேன், "அக்கா அன்று மாலை" என்று தொடங்கி, அன்று மாலை அவர் என்ன செய்தார் என்று தெரியாமல்

(இது அப்படியே இருக்கட்டும்.)

கூட்டம் வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு காலை அக்கா மாடிப்படியில் நின்றபடி கூப்பிட்டார். மத்தியானம் சாப்பிட வரச் சொன்னார், தம்பி வருகிறானாம். "எழுதுறதுக்கு முன்னாடி ஆளை ஒரு தடவ பாத்துடுங்க," என்றார்.

7

நான் போனபோது தம்பி சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். குழாய் ஒழுகுகிறதென்று போன வாரமே பார்த்துவிட்டு, வாஷரைக் கையோடு வாங்கி வந்திருந்தார். வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வழுக்கை, சின்னத் தொப்பை. பம்பு இரைச்சலில் ஒரு காது மந்தமாகியிருந்தது, அதனால் சத்தமான பேச்சு. எனக்குப் போட்ட நாற்காலி ஆடியது. அட்டையை மடித்து அதன் காலுக்கு அடியில் வைத்த பிறகுதான் என்னை உட்கார விட்டார். ஆடுகிற, ஒழுகுகிற எதையும் அவரால் சும்மா விட முடியவில்லை. இந்த மனிதரா அந்தக் கையெழுத்தைப் போட்டார்? நான் எழுதிய எந்தத் தம்பியும் இவர் இல்லை.

சாப்பாட்டின் நடுவே நிலையத்தைப் பற்றி அக்காவிடம் ஏதோ ஆரம்பித்தவர், என்னைப் பார்த்து நிறுத்தினார். பிறகு, "பரவால்ல, சாரும் நம்ம வீட்டு ஆள்தானே," என்று மீதியையும் சொன்னார். அது இன்னொரு வரி. அதை எந்த அடைப்புக்குறிக்குள்ளும் நான் எழுதவில்லை.

நம்ம வீட்டு ஆள். என்னை அப்படி ஒருவரும் சொன்னதில்லை.

"கதை எழுதுவீங்கன்னு அக்கா சொல்லிச்சு," என்றார் தம்பி, என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தபடி. "எனக்குப் படிக்கிற பழக்கமெல்லாம் இல்ல சார். உங்க கதைன்னா படிக்கிறேன். இப்ப என்ன எழுதிக்கிட்டிருக்கீங்க?"

அக்கா நிமிரவில்லை.

இந்தக் கதையின் தாள்கள் அதே கட்டடத்தில், எங்கள் காலுக்குக் கீழே, என் வீட்டு மேசைமேல் கிடந்தன. அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதி, அடித்து, வேறொன்று எழுதி, அதையும் அடித்துவிட்டேன். ஊருக்காகத் தம்பியை விட்டுக்கொடுக்கலாம் என்று அக்காவுக்கு நியாயம் சொன்னவன் நான். ஆறாம் பகுதியைப் படித்தபோது நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். தம்பி, காது கேட்கிற பக்கத்தை நம் பக்கமாகத் திருப்பிக்கொண்டு காத்திருக்கிறார். என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டும்.