பிளஸ் போட்ட கடிதங்கள்

எங்கள் ஆபீஸில் மெயில் வரவில்லை என்றால் என் தலைதான் உருளும். அன்றும் காலையிலேயே புகார்ப் பிரிவுக்காரர் வந்து நின்றார். வாடிக்கையாளர்கள் பதில் போட்டதாகச் சத்தியம் பண்ணுகிறார்களாம், ஒன்றுகூட வந்து சேரவில்லையாம்.

பத்து நிமிஷத்தில் பிடித்துவிட்டேன். அவர் பிரிவில் புதிதாக, முகவரியில் பெயருக்குப் பின்னால் ஒரு பிளஸ் குறி போட்டுப் புகார் எண்ணைச் சேர்த்திருந்தார்கள். உள்ளே இருக்கும் மெயில் சர்வருக்கு அது பழக்கம்தான். வாசலில் காவல் நிற்கும் கேட்வேக்குத்தான் பிளஸ் ஆகாது. தப்பான முகவரி என்று ஓரங்கட்டிவிடும். அனுப்பியவருக்கு 'சேரவில்லை' என்ற தகவலாவது திரும்பிப் போயிருக்க வேண்டும். குப்பை மெயில் தொல்லை தாங்காமல் அதை நிறுத்தி வைத்தது சாட்சாத் நான்தான், கேட்வேயைப் பொருத்திய அன்றே.

அந்த நாள் எனக்கு மறக்காது. அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று அக்கா கூப்பிட்டாள். இதோ வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்கா வாய்க்கு வந்தபடி திட்டினாள், நானும் சும்மா இருக்கவில்லை. போனில் பேசினால் சண்டைதான் வரும் என்று எங்களுக்குள் எப்போதும் மெயில்தான். அவளே முதலில் எழுதட்டும் என்று வீம்பாக இருந்தேன். இரண்டு வருஷமாக ஒன்றும் வரவில்லை, நானும் எழுதவில்லை. போன மாதம் அவள் இறந்த செய்திதான் வந்தது. உடம்பு சரியில்லை என்றுகூட எனக்குச் சொல்லவில்லையே என்ற கோபத்தில், அவள் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

ஓரங்கட்டிய கடிதங்களைத் திறந்து பிளஸ் குறியைத் தேடினேன். புகார்களுக்கு நடுவே என் பெயர், பிளஸ், அக்கா. என் ஆபீஸ் முகவரியில் அப்படிப் போட்டால் உன் கடிதம் மட்டும் தனியாக வந்து விழும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

பதினொன்று இருந்தன. முதல் கடிதம் சண்டைக்கு நாலாம் நாள் எழுதியது. தான் பேசியது தப்பு, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றிருந்தாள். கடைசிக் கடிதம் இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்தது.

"ஆபரேஷனாம்டி. பயமா இருக்கு. உனக்குப் போன் பண்ண வேண்டாம், அவளா வரட்டும்னு அத்தான்கிட்ட சொல்லிட்டேன். வர முடியலன்னா ஒரு வார்த்தை எழுது."

புகார்ப் பிரிவுக்காரர் பக்கத்திலேயே நின்றார். அவருக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிளஸ் குறியை அனுமதித்து, நின்றுபோன கடிதங்களையெல்லாம் மொத்தமாக விடுவித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அத்தான் போன் பண்ணினார். சாவு வீட்டில் எனக்கு முகம் கொடுத்துப் பேசாதவர். கடிதம் கிடைத்ததும் தனக்குத் தகவல் வரும்படி அக்கா பதினொன்றிலும் கேட்டிருந்தாள். அந்தத் தகவல்கள் இப்போதுதான் அவள் போனுக்குப் போயிருக்கின்றன.

"உனக்குக் கிடைச்சிடுச்சுன்னு அவ போன்ல வருதும்மா," என்றார். "கடைசி நாள் வரைக்கும் இந்த போனத்தான் எடுத்து எடுத்துப் பார்த்துட்டு இருந்தா."

"நான்தான் அத்தான் நிறுத்தி வச்சேன்," என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை.