பத்துக்கு இரண்டு

ஆலோசகர்களைச் சமாளிப்பது லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கைவந்த கலை. மூன்று பேரைப் பார்த்தாயிற்று. முதலாமவர் ஈரலின் படத்தைக் காட்டிப் பயமுறுத்தினார். இரண்டாமவர் குடிகாரன் பெண்டாட்டி படும் பாட்டைச் சொல்லி, கடைசியில் அவரே கண் கலங்கினார். மூன்றாமவர் குடியை விடப் பதினாறு வழிகளை அச்சடித்துக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டிவிட்டு, வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே ஊற்றிக்கொண்டான். விடு என்று ஒருத்தர் சொல்ல, ஏன் விட வேண்டும் என்று இவன் மனசுக்குள் வக்கீல் மாதிரி வாதாட, அதிலேயே பொழுது போய்விடும்.

பெண்டாட்டியும் லேசுப்பட்டவள் இல்லை. இந்தத் தடவை நேரம் வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு ஒரே கேள்வி கேட்டாள்: என் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வீர்கள்? எட்டுப் பேர் குடியின் கெடுதலை எடுத்துச் சொல்வோம் என்று ஆரம்பித்தார்கள். போனை வைத்துவிட்டாள். ஒன்பதாவது அம்மாள் மட்டும், "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கேட்பேன். சொல்ல வேண்டியது அவர்தான்" என்றாராம். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று அந்த முறைக்குப் பெயராம். ஆளைப் பிடித்து இழுக்காமல், தனக்கு என்ன வேண்டும் என்று அவன் வாயாலேயே சொல்ல வைப்பது. உங்களுக்கு ஏற்ற ஆள் கிடைத்தாயிற்று என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை.

அறை சின்னது. இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் பெண்டாட்டி. கதவைப் பூட்டவில்லை, ஆனாலும் அவனுக்கு வேர்த்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று, பதறாதீங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க என்று சொல்வதுதான் இருபது வருஷமாக அவன் பிழைப்பு. உள்ளே இருப்பவன் பாடு இப்போதுதான் தெரிந்தது.

பெண்டாட்டிக்கே தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் தம்பி, இவனுடைய மச்சினன், லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் வேலையாக இருந்தான். இவன் மேலே மெஷின் பக்கத்தில். ஓட்டுவதற்கு முன்னால் கீழே குரல் கொடுக்க வேண்டும். பதில் குரல் வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். அந்தத் தொழிலில் முதல் நாள் பாடமே அதுதான். அன்றைக்குக் காலையிலேயே சரக்கு உள்ளே போயிருந்தது. குரல் கொடுக்காமல் ஓட்டிவிட்டான். அலறல் கேட்டு நிறுத்தியபோது லிஃப்டுக்கும் மச்சினன் தலைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

அப்புறம் இந்த மகானுபாவன் என்ன சொன்னான் தெரியுமா? நான் கத்தினேனே, உனக்குக் கேட்கவில்லையா என்றான். மாமா வாக்கு வேதவாக்கு என்று இருக்கும் அப்பிராணி அதை நம்பியும் விட்டான். காது டாக்டரிடம் போனான். காதில் குறையே இல்லை என்றார். டாக்டரின் மெஷின்தான் கோளாறு என்று இன்னொருவரிடம் போனான். அவரும் அதையே சொன்னார். அப்படியும், காது மந்தம், இந்த வேலைக்கு இனி லாயக்கில்லை என்று ராஜினாமா எழுதி வைத்திருக்கிறான். நாளைக் காலையில் கம்பெனியில் கொடுக்கப் போகிறான். பதினோரு வருஷத்து வேலை. மெக்கானிக்கோ, திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயைத் திறக்காமல் இருந்தான்.

அந்த அம்மாள் வேலையைப் பற்றி விசாரித்தார். அவன் சொன்னதையே திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டார். திட்டு வரும், பதில் கொடுக்கலாம் என்று இவன் காத்திருந்தான். வரவே இல்லை.

"குடியை விடறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுங்க."

குறைத்துச் சொன்னால் சண்டைக்கு வருவார் என்று கணக்குப் போட்டான்.

"ரெண்டு."

"ரெண்டு. சரி, ஏன் பூஜ்யம் இல்ல?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்டிருந்தால் நூறு பதில் வைத்திருந்தான். இதற்கு இருந்தது ஒரே பதில். கதவைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். அந்த அம்மாள் அவசரப்படவில்லை.

"என் மச்சினன் கீழ இருந்தான்" என்று தொடங்கியவன், ஒன்று விடாமல் சொல்லி முடித்தான்.

அடப்பாவி என்றும் சொல்லவில்லை அவர், பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "உங்க தப்பை அவர் சுமக்கறதை உங்களால தாங்க முடியல" என்றார். அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இப்ப என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?"

நீங்களே சொல்லிவிடுங்களேன் என்று கெஞ்சினான். சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு ஓடியிருப்பான். அவர் ஒரு டம்ளர் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான். என்ன பொம்பளை இவள் என்று ஆத்திரம் வந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு, மச்சினனுக்குப் போன் போட்டான்.

மச்சினன் எடுத்ததுமே கத்தினான். மூன்று வாரமாகவே அப்படித்தான் பேசுகிறான். "சத்தமாப் பேசுங்க மாமா, நம்ம காதுதான் தெரியுமே."

சத்தமாகப் பேசினால் வெளியே பெஞ்சில் இருப்பவளுக்கும் கேட்கும். மெக்கானிக் மூச்சை நன்றாக இழுத்து விட்டான்.

"உன் காது நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்று உரக்கச் சொன்னான். "அன்னிக்கு நான் குரலே குடுக்கல."

வெளியே பெஞ்சிலிருந்து அவள் எழுந்திருப்பது கேட்டது.