மடு மண்

அளவெடுக்கத் தொடங்கிய பதினோராம் நாள் காலை, திரையில் அவள் காத்திருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு எழும்பியிருந்தது. றொஷினி கோப்பி ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரிய நட்சத்திரங்களின் வயிற்றுக்குள் இரண்டு காபன் அணுக்கருக்கள் ஒட்டிக்கொள்ளும்போது ஒரு மெல்லிய கதிர் புறப்படும். மொன்றியலில், பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ் அறையொன்றில், அந்த ஒட்டலை இயந்திரத்தால் உண்டாக்கி, வெளிக்கதிர்களை மறிக்கும் ஈயக் கட்டிகளுக்கு நடுவே அந்தக் கதிரைப் பிடிப்பதற்காகத்தான் அவளுடைய நான்கு வருடப் படிப்பும். நாளுக்கு இரண்டு மூன்று விழுந்தாலே பெரிய காரியம். வெள்ளிக்கிழமையோடு இயந்திரம் வேறு குழுவின் கைக்குப் போய்விடும்.

"என்ன பிள்ளை, நட்சத்திரம் வந்திட்டுதோ?" அறை துடைக்க வாளியோடு வந்த றெஜினா, தினமும் கேட்பதையே கேட்டாள். மன்னார்க்காரி, செயின்ட்-மிஷேலிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள்.

"வந்திட்டுது போல, அன்ரி."

"மாதாவின்ர முடியில பன்னிரண்டு நட்சத்திரம் கிடக்கு. உமக்கு ஒண்டு தரமாட்டாவோ?"

மத்தியானத்துக்குள் அந்தச் சந்தோசம் வாடிவிட்டது. திரையின் வலது ஓரத்தில், அவள் அதுவரை பார்க்காத இடத்தில், இன்னொரு மேடும் எழும்பியிருந்தது. அது மண்ணிலும் கல்லிலும் இருக்கிற தோரியத்தினுடையது. தோரியம் இருந்தால், காபனின் இடத்துக்குப் பக்கத்திலும் பொய்யாக ஒரு மேடு எழும்பும்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாக அகற்றினாள். இடுக்கில், நீல நூலால் கட்டிய சின்னப் பொட்டலம். உள்ளே செம்மண். பார்த்தவுடனே தெரிந்தது. அம்மாவின் காரிலும் ஒன்று தொங்குகிறது. விஷமும் நோயும் அண்டாதிருக்க மன்னார் மடு மாதா கோவிலில் அள்ளிவருகிற மண்.

மறுநாள் காலை, மேசையில் அதைக் கண்டதும் றெஜினா வாளியைக் கீழே வைத்தாள்.

"இது தொடங்க முன்னம் நீர் ஒவ்வொரு நாளும் வாடிப்போய் இருந்தனீர், பிள்ளை. தொடங்கின அண்டைக்கு வைச்சனான். என்னட்ட வேற என்ன கிடக்கு? முப்பது வருசமா என்ர கைப்பையை விட்டு வெளிய போகாதது. வேலையால நிப்பாட்டிப்போடுவினமோ?"

றொஷினியின் நாக்குநுனிவரை கோபம் வந்தது. பதினொரு நாள். பிறகு, பதினொரு நாளாக அந்த மண் இல்லாத கைப்பையோடு பஸ்ஸில் வந்துபோனவளை நினைத்தாள்.

பேராசிரியருக்கு எழுதினாள்: "உள்ளே மண் இருந்தது. மேடு நட்சத்திரத்தினுடையது அல்ல. எனக்காகச் செபித்த ஒருவர் வைத்தது. பெயர் சொல்லமாட்டேன். கட்டிகளைச் சரிபார்க்காதது என் பிழை."

பதில் இன்னும் வரவில்லை.

மண் எவ்வளவைத் தந்தது என்று அளந்தால், பதினொரு நாள் கணக்கிலிருந்து அதைக் கழித்துக் கொஞ்சத்தையாவது மீட்கலாம். பொட்டலத்தைக் கருவியின் முன்னால் தனியாக வைத்தாள்.

"இதுக்குள்ள இருக்கிற தோரியமும் ஏதோ நட்சத்திரத்தில உண்டானதுதான், அன்ரி."

"மடுவில கிடந்ததோ?"

"ஓம்."

றெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். "நான் அப்பவே சொன்னனான், நீர்தான் நம்பேல்லை."

இருண்ட திரையில், மண்ணின் கதிர் ஒன்று பிடிபட்டதற்கு, ஒரு பச்சைப் புள்ளி விழுந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. செபமாலை மணியைத் தள்ளுவதுபோலப் பெருவிரலை நகர்த்தி றெஜினா எண்ணத் தொடங்கினாள். ஒன்பது. பத்து. பதினொன்று. துடைப்பான் சுவரில் சாய்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவதுக்காக இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.