நாவலில் கட்டிய தாலி

இந்திரகுமார் ஆசிரியர் ஒரு வாக்கியத்தை எழுதி முடித்ததும், அதனை யார் யார் வாசிப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பார். கோயில் தலைவர் முகம் சுளிப்பாரோ, பள்ளி அதிபர் அழைத்துப் பேசுவாரோ என்ற ஐயம் எழுந்தால் உடனே அடித்துவிடுவார். அவ்வாறு அடித்து அடித்து எழுதிய ஒரே நாவல் இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் வெளிவந்தது. அதன் நாயகி அவருடைய தாய் இருளாயிதான் என்பது கஹவத்தைத் தேயிலைத் தோட்டத்தில் அனைவருக்கும் தெரியும்.

மறு ஆண்டு ஆனி மாதத்துத் திங்கட்கிழமை காலையில் இருளாயி இறந்தார். செவ்வாய் நண்பகலில், குளிப்பாட்டிய உடலை லயத்து வீட்டு முற்றத்து மரவாங்கில் கிடத்தி, இந்திரகுமாரின் தங்கை கோகிலா தலை சீவிக்கொண்டிருந்த வேளையில், கோயில் தலைவர் ஒரு கிழவரை அழைத்துவந்தார். கிழவரின் கையில் புதுச்சேலையும் மஞ்சள் கயிறும் இருந்தன. எம்பிலிப்பிட்டியவில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தனித்து வாழும் இந்திரகுமாரின் தந்தை மூக்கையா அவர்.

குடித்துவிட்டு அடித்த கணவரின் உள்ளங்கையில், காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் பார்க்கத் தாலியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனவர் இருளாயி. பின்னர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கே கங்காணியானார். பெண்ணின் கீழ் வேலை செய்யோம் என்று அவர்கள் நின்றபோது, தாமே கத்தியை வாங்கி ஒரு நிரை முழுவதையும் வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இவற்றையெல்லாம் இந்திரகுமார் உள்ளவாறே எழுதியிருந்தார். கடைசி அத்தியாயத்தை மட்டும் மாற்றிவிட்டார்.

"ஆள் அனுப்பி இவர வரவழைச்சது நான்தான் வாத்தியார்," என்றார் தலைவர். "புருசன் உசுரோட இருக்கையில அந்தம்மா வெறுங்கழுத்தோட போகக்கூடாது."

தாயே கழற்றிய தாலி அது என்று இந்திரகுமார் தயங்கியவாறு நினைவூட்டினார்.

"நீங்கதானே எழுதியிருக்கீங்க? கடைசியில திரும்பக் கட்டிக்கிட்டு, அவரு கால்ல விழுறாங்கன்னு. எங்க வீட்டுல வாசிச்சுட்டு ஒரே அழுக."

கவ்வாத்துக்காரர் ஒருவர் வேலியோரம் நின்றபடி முணுமுணுத்தார். "அந்தம்மாவாவது, கால்ல விழுறதாவது. எங்களைத்தான் விழ வச்சாங்க."

சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டனர். தலைவர் திரும்பிப் பார்த்ததும் முற்றம் அடங்கிற்று. அவர் வேண்டாமென்று கையசைத்தால் தப்படிப்பவர் வரமாட்டார். பாடை தூக்கத் தோள்கள் கிடைப்பதும் ஐயமே. அதற்கும் மேலாக, தாம் எழுதியது பொய்யென்று இத்தனை பேர் முன்னிலையில் சொல்லவேண்டியிருந்தது இந்திரகுமாருக்கு.

கோகிலா சீப்பை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணே, கடைசி அத்தியாயத்த அம்மாவுக்கு நான் வாசிச்சுக் காட்டினேன்."

அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் இந்திரகுமார் தாய்க்கு வாசித்துக் காட்டியதில்லை. கேட்கும்போதெல்லாம் இன்னும் முடியவில்லை என்று சொல்லித் தட்டிக்கழித்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"நல்லாத்தான் எழுதியிருக்கான்னாங்க. அப்புறம், 'யாருடி அந்தப் பொம்பள?'ன்னு கேட்டாங்க."

இந்திரகுமார் தாயின் முகத்தைப் பார்த்தார். வெயிலில் கறுத்துப்போன கழுத்தில், முன்பு தாலிக்கயிறு கிடந்த தடம்கூட இல்லை.

மூக்கையா கயிற்றைப் பிரித்துப் பிடித்திருந்தார். மனைவியின் அருகே செல்ல அவருக்குத் துணிவு வரவில்லை, மகனைத்தான் பார்த்தார்.

"நீ சொல்லுய்யா. கட்டட்டுமா?"

இந்திரகுமார் முதலில் தலைவர் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புத்தகத்துல கால்ல விழுந்தது அம்மா இல்லீங்க தலைவரே. நான் பயந்துபோய் எழுதினது."

தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். போவதற்கா இருப்பதற்கா என்று தெரியவில்லை. இந்திரகுமார் அதற்காகக் காத்திராமல் தந்தையிடம் வந்தார்.

"சேலைய மட்டும் போத்துங்கப்பா," என்றார். "கயிறு வேணாம். அம்மா இப்பிடியே போகட்டும்."