உடைவுக்கு முந்நூறு

எங்கள் காத்தான்குடிக் கடைத்தெருவில் முதல் சொல்லும் எண்ணை நம்புகிறவன் மடையன். சேலைக்குப் பத்து என்றால் ஆறு. ஆறுக்கு இறங்கினால் ஐந்தரை. பிறந்தது முதல் காதில் விழுந்த பாடம் அது. ஆகவே மகள் நஸீறாவின் சீதன வீட்டுக்குக் கல்லடித் தச்சர் தங்கராசா ஓடாவி கூரைக் கணக்குச் சொன்னபோதும் என் நாக்கு சும்மா இருக்கவில்லை.

“கூரைக்கு மூவாயிரம் ஓடு, முதலாளி. உடைவுக்கு முந்நூறு.”

“நூறு.”

“வண்டியில உடையும். நாலு மூலைக்கும் வெட்டக்குள்ள உடையும்.”

“நூற்றைம்பது. உமக்கும் வேணாம், எனக்கும் வேணாம்.”

ஓடாவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “சரி. உங்கட கூரை.”

பாதிக்குப் பாதி அடித்துவிட்டேன் என்று மனைவி ஸைனம்புவிடம் பெருமையடித்தேன். “ஓடாவி என்ன, தன்ட வீட்டுக்கா கேட்டாரு?” என்றாள்.

புளியந்தீவிலிருந்து வந்த வண்டிகள் ஓடுகளை நெல்மூட்டை போலக் குலுக்கிக் கொண்டுவந்தன. மூலை வெட்டில் மேலும் நொறுங்கியது. முடிவில் பின்பக்கம், மணமக்கள் படுக்கும் மணவறைக்கு நேர் மேலே, ஓர் அறையளவு வானம் தெரிந்தது. மறுபடி வாங்க ஓடினேன். நாற்பத்திரண்டாம் ஆண்டு, ஜப்பான் சண்டைக் காலம். கப்பலில் ஓடு வருவது நின்று, இருந்ததெல்லாம் பட்டாளத்துக் கொட்டில்களுக்குப் போய்விட்டது. பொத்தலைத் தென்னங்கிடுகால் மூடினோம்.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்க, மாப்பிள்ளையின் வாப்பா உசனார் வீடு பார்க்க வந்து அண்ணாந்தார்.

“ஓட்டு வீடு எண்டுதான் பேச்சு. ஓடு ஏறாம எங்கட புள்ள படி ஏறாது.”

ஏறாவூரில் யாவாரம் செய்கிற மனிதர். இதுவும் முதல் விலைதான் என்று எண்ணிச் சிரித்தேன். “முக்கால்வாசி ஓடுதானே, காக்கா. கிடுகுக்குக் கீழ படுத்தா புள்ள கறுத்தா போகும்?”

“அப்ப முக்கால் மாப்பிள்ளை தரட்டா?”

சால்வையை உதறித் தோளில் போட்டு இறங்கினார். நான் கூப்பிடவில்லை. கடையில் அப்படித்தான், கோபித்துப் போகிறவன் மூன்றாம் கடையைத் தாண்டுமுன் திரும்புவான். வாசல் படலையைத் தாண்டினார். சந்தியையும் தாண்டினார்.

பெருநாளுக்கு முன் அந்த மாப்பிள்ளைக்கு வேறொரு ஓட்டு வீட்டில் நிக்காஹ் முடிந்தது. பிறகு நஸீறாவைக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும், உசனார் ஏன் வேண்டாமென்றார் என்று விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

சில வருசங்களில் சண்டை ஓய்ந்து கப்பலில் ஓடு வந்ததும் தங்கராசாவிடம் போனேன்.

“உடைவோட நூற்றெழுபது போதும், முதலாளி.”

“இருநூறாக எடுப்போம்.”

“இப்பதான் கூட்டுறீங்களா?” என்றார்.

ஓடு வந்து இறங்கியது. நஸீறா அறை வாசலில் நின்று பார்த்தாள்.

“ஏன் வாப்பா இது? வருசாவருசம் கிடுகு மாத்துறம்தானே. எனக்கு ஒருத்திக்கு அது காணும்.”

ஓடு ஏற்ற வந்த ஓடாவி ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இருநூறு ஓடும் மதிலோரம் அடுக்கியபடி கிடக்கின்றன. ஒன்றுகூட உடையவில்லை.