ஜான்சன் சேமித்துவிட்டுப் போன ஏழு இடங்கள்

படூரில் இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் ஜான்சன்தான் எப்போதும் கடைசியாகக் கிளம்புவார். புரோகிராமில் பிழை தேடும்போது, சந்தேகப்படும் வரிகளில் அது நின்று காட்டும்படி பிரேக்பாயிண்ட் வைப்பார்கள். பிழை தேட உதவும் டீபக்கரை மூடினால் அத்தனையும் போய்விடும். மறுநாள் ஒவ்வொன்றாகத் தேடி வைக்க வேண்டும். அதற்குப் பயந்தே எழுந்திருக்க மாட்டார்.

அவருடைய டீம் லீடர் ஜெஸ்ஸிக்கு அவரைவிட ஆறு வயது குறைவு. வீட்டுக்குப் போகும் கல்பாக்கம் பஸ்ஸைத் தவறவிட்டு அவர் மேஜையிலேயே தூங்கியதை மூன்று முறை பார்த்த பிறகு, ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தாள். மூடும்போது பிரேக்பாயிண்டுகளை அது ஒரு ஃபைலில் எழுதி வைக்கும்; மறுபடி திறந்ததும் அதே வரிகளில் வைத்துவிடும்.

2004, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். அவர்கள் புரோகிராம் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைக் கருவி ஒன்றில், எப்போதாவது ஒருவருடைய முடிவு இன்னொருவர் பெயரில் வந்துகொண்டிருந்தது. ஜான்சன் மூன்று வாரமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“கிட்ட வந்துட்டேம்மா. ஞாயித்துக்கெழம வந்து முடிச்சிர்றேன்.”

“வேண்டாம் அண்ணா. சேவ் பண்ணிட்டு வீட்டுக்குப் போங்க. திங்கட்கிழமை விட்ட இடத்துலருந்து பாத்துக்கலாம்.”

சிரித்துக்கொண்டே சேவ் செய்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சதுரங்கப்பட்டினம் கரைக்கு மீன் வாங்கப் போனவரைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது.

ஜனவரியில் அந்த வேலை ஜெஸ்ஸியிடமே வந்தது. அவருடைய ஃபைலை ஏற்றினாள். ஏழு இடங்கள். நான்கு நாள் ஓட்டியதில், ஐந்தாவது இடத்தில் புரோகிராம் நின்றபோது தெரிந்துவிட்டது. இரண்டு ரத்த மாதிரிகள் ஒரே நொடியில் வந்தால் இரண்டாவதற்கும் முதலாவதின் எண்ணே விழுந்துவிடுகிறது. பிழை அங்கிருந்து மூன்று வரி மேலே இருந்தது. மூன்று வாரமாக அதிலேயே இருந்த அவர் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தால் மதியத்துக்குள் பிடித்திருப்பார். ஜெஸ்ஸி பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அந்த வாரக் கடைசியில் செங்கல்பட்டுக்குப் போனாள். ஜான்சனின் மனைவி ஜாக்குலின், கைக்குழந்தையோடு தன் அண்ணன் வீட்டில் இருந்தாள்.

“அந்தப் பிழை கிடைச்சிருச்சுக்கா. அண்ணாதான் கண்டுபிடிச்சாருன்னு ரிப்போர்ட்ல எழுதி அனுப்பிட்டேன்.”

ஜாக்குலின் தலையாட்டினாள். “ஞாயித்துக்கெழம ஆபீஸ் கீதுன்னு சொல்லிகினு இருந்தாரு. அப்பால இல்லன்ட்டாரு. இன்னாத்துக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். ஜெஸ்ஸிக்கு வரவில்லை. “நான்தான் வர வேண்டாம்னு சொன்னேன்.”

குழந்தை சிணுங்கியது. ஜாக்குலின் அதைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

“சனிக்கெழம பூரா வூட்லதான் இருந்தாரு. புள்ளைய அவரே குளிப்பாட்டி உட்டாரு. சோப்பு கண்ல பூட்ச்சின்னு அது கத்துச்சு, இவரு சிரிக்கிறாரு.” கண்களைத் துடைத்துக்கொண்டாள். “உம்மேல கோவம் இல்லம்மா. நல்லதுக்குத்தான் சொல்லிகீற. ஆனா நீ இனிமே வராத. உன்னப் பாத்தா எனக்கு அந்த ஞாயித்துக்கெழமதான் ஞாபகம் வரும்.”

ஜெஸ்ஸி அவளுடைய கையைத் தொடப் போய், தொடாமல் எழுந்தாள். அதன்பின் எத்தனையோ முறை செங்கல்பட்டு வழியாகப் போயிருக்கிறாள். அந்தத் தெருவுக்குள் மட்டும் போனதில்லை.