கயிற்றின் மறுமுனை

சவப்பெட்டியின் கால்மாடு வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பின்பக்கத்து பெஞ்சுகளைக் கழற்றிப் போட்டும் லோனி உள்ளே அடங்கவில்லை.

"குறுக்கா வச்சுப் பார்க்கலாமா?" என்றார் தூக்கி வந்தவர்களில் ஒருவர்.

"குறுக்கா வச்சா ரெண்டு பக்கமும் நீட்டும். இப்ப ஒரு பக்கம்தான். விடு," என்றார் ஏமஸ். சட்டைப்பையிலிருந்து சிவப்புத் துணி ஒன்றை உருவி, வெளியே நீட்டிய பெட்டியின் கைப்பிடியில் முடிச்சுப் போட்டார். அவருடைய ஹார்டுவேர் கடையில் நீளப் பலகை வாங்கிப் போகிறவர்களுக்கெல்லாம் அவர் இப்படித்தான் கட்டிவிடுவார். பழக்க தோஷத்தில் தம்பிக்கும் கட்டிவிட்டார். கட்டிய பிறகுதான் சுற்றி நிற்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று உறைத்தது. ஆனால் அதைப் பார்த்து இரண்டு பெண்கள் இன்னும் பலமாக அழ ஆரம்பித்தார்கள். அதுதான் லோனி. அவன்மேல் எதைக் கட்டினாலும் அழகாகிவிடும்.

அரிசோனாவில் உள்ள டஸ்டன் ஊரின் பெரிய தெருவில் அத்தனை கூட்டத்தை ஏமஸ் சுதந்திர தினத்தன்றுதான் பார்த்திருக்கிறார். மதியம் சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சி இருந்ததால், துப்பாக்கிச் சண்டை நடிக்கும் ஷெரிப்பும் கொள்ளைக்காரர்களும் வேஷத்தோடு வந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மதுக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அவர் தன் சொந்தக் கல்யாணத்துக்கே கடையைப் பூட்டாதவர். 'நான் போனா இதுல பாதி வரும்' என்று ஏமஸ் மனசுக்குள் கணக்குப் போட்டார். 'வர்ற பாதியும், பெட்டிக்கு அடிச்ச ஆணி என் கடை ஆணியா, வெளியூர் ஆணியான்னு குனிஞ்சு பார்க்கும்.'

அந்த ஊரில் டிராலி ஓட்டுபவர் இறந்தால் அமரர் ஊர்தி கிடையாது. அவர் ஓட்டிய டிராலியிலேயேதான் கடைசிப் பயணம். டிராலி என்றால் தண்டவாளத்தில் ஓடுவதல்ல; வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் வண்டி. லாரிச் சட்டத்தின்மேல் பழைய டிராம் போலக் கட்டிய மரக்கூண்டு, ஒரு மணி, ஒரு மைக். தினமும் போகும் பாதையில், தினமும் கிளம்பும் நேரத்துக்கு, தினமும் நிற்கும் இடங்களிலெல்லாம் நின்று, செத்தவர் சொல்லிவந்த கதைகளை அவர் சொன்னபடியே இன்னொருவர் சொல்லிக்கொண்டு போக வேண்டும். கடைசி நிறுத்தம் கல்லறை மேடு.

டிக்கெட் வாங்கிய வெளியூர்க்காரர்களையும் இறக்கிவிட மாட்டார்கள். அன்றைக்கும் ஒரு ஜோடி ஏறியிருந்தது. அயோவா மாநிலத்திலிருந்து வந்திருந்த கணவனும் மனைவியும்.

"அந்தப் பெட்டிக்குள்ள யாரு? பொம்மைக் கொள்ளைக்காரனா?" என்று அந்தப் பெண் ஆர்வமாகக் கேட்டாள்.

"என் தம்பி," என்றார் ஏமஸ்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முன் பெஞ்சைத் தவிர வேறு இடம் இல்லாததால் ஏமஸ் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருந்தது.

முன் பெஞ்சில் லோனியின் மனைவி வெல்டா தனியாக இருந்தாள். ஸ்டியரிங் முன்னால் டெலியா. லோனியிடம் வேலை கற்றுக்கொண்டவள், இனி அவன் இடத்துக்கு வரப்போகிறவள். மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டு திரும்பினாள்.

"எல்லாருக்கும் ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். வண்டி ஓடும்போது ஊர்க்காரங்க யாரும் கதையத் திருத்தக்கூடாது. திருத்தணும்னா சக்கரம் நின்னப்புறம் திருத்துங்க." அயோவா ஜோடியைப் பார்த்துச் சிரித்தாள். "இல்லேன்னா இந்த ஊர்ல ஒரு கதையும் முடியாதுங்க. எல்லாக் கொள்ளைக்காரனுக்கும் இங்க ஒரு பேரன் இருக்கான்."

ஏமஸ் காத்திருந்தது அந்தச் சக்கரம் நிற்பதற்காகத்தான்.

டெலியா மணியடித்து வண்டியை எடுத்தாள். வங்கியும், தூக்குமேடை இருந்த இடமும், குதிரை லாயமும் பின்னால் போயின. ஒவ்வொரு இடத்திலும் லோனியின் பழைய நகைச்சுவைகளை டெலியா சொல்ல, ஊரே அழுதுகொண்டு சிரித்தது. தூக்குமேடைக் கதையில் லோனி வழக்கமாக நிறுத்தும் இடத்தில் அவளும் நிறுத்தினாள். அந்த இடைவெளியில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

ஏமஸ் எழுந்துபோய் வெல்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காலையில பார்த்தேன். பெட்டிக்குள்ளயும் கையுறையோட படுத்திருக்கான்."

"ஆமா."

"அந்த மான்தோல் கையுறைய அங்க யாரு பார்க்கப்போறா? எப்பவுமே அவனுக்கு ஒரு பகட்டு. இந்த வெயில்ல கையுறை மாட்டிட்டு வண்டி ஓட்டுனவன் இந்த அரிசோனாவுலயே அவன் ஒருத்தன்தான்."

வெல்டா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்தது பாலம்," என்றார் ஏமஸ்.

"தெரியும்."

"நான் பேசப்போறேன் வெல்டா. இத்தனை வருஷமா நான் இந்த வண்டியில ஏறாததுக்கு அதான் காரணம். வெளியூர்க்காரன் ஒருத்தன் கடையில சுத்தியல் வாங்கிட்டே, 'உங்க தம்பிதான் வெள்ளத்துல குதிச்சு ஒரு பொண்ணக் காப்பாத்தினாராமே'ன்னு என்கிட்டயே கேட்டான். என்கிட்டயே! அவன் கேட்ட சுத்தியலக்கூட நான் விக்கல."

"அந்தாளு எங்க வீட்டுக்கு வந்து புகார் சொன்னான்."

"உன்னத் தூக்குனது யாருன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நீதான்."

"அப்புறம் ஏன் அவன் சொல்றதக் கேட்டுட்டு சும்மா இருந்த?"

"வண்டி ஓடிட்டிருந்துச்சு," என்றாள் வெல்டா.

ஏமஸுக்கு விலா எலும்பு வலித்தது. அன்றைக்கு வெள்ளத்தில் மரக்கட்டை இடித்து முறிந்து, கோணலாகவே சேர்ந்துகொண்ட எலும்பு. அவர் வாழ்நாளில் செய்த பெரிய காரியம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஆணி, திருகு, பெயின்ட். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், வறண்டு கிடந்த ஓடையில் மலையிலிருந்து திடீரென்று தண்ணீர் இறங்கியபோது, காரோடு அடித்துப்போன வெல்டாவை அவர்தான் குதித்துப் பிடித்தார். லோனி கரையில் நின்றான். ஆனால் ஒரு வருஷம் கழித்து வெல்டா கட்டிக்கொண்டது கரையில் நின்றவனை. பெண்ணைக் கொண்டுபோனான், சரி. கதையையும் அல்லவா கொண்டுபோய்விட்டான்! கடையில் திருடினால் போலீஸைக் கூப்பிடலாம். இதற்கு யாரைக் கூப்பிடுவது?

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஏன் அவன்?"

வெல்டா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"வெள்ளத்துல நான் உன் மூஞ்சியப் பார்க்கல ஏமஸ். கண்ணு பூரா சேறு. உன் இடுப்புல ஒரு கயிறு இருந்துச்சு. அது விறைப்பா இருக்கா, தொய்ஞ்சு போச்சான்னு மட்டும்தான் கையால தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்." திரும்பி அவரைப் பார்த்து, "பேசணும்னா பேசு. வண்டி நின்னப்புறம்," என்றாள்.

அவர் தன் இடத்துக்குத் திரும்ப எழுந்தார். முன்னாலிருந்து டெலியா மைக்கை மூடிக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "பெரியவரே, லோனி எனக்கு முதல் நாள் சொல்லிக் குடுத்தது என்ன தெரியுமா? வண்டி ஓட்டுறவன் தன்னைத் தானே புகழ்ந்துக்கக் கூடாது. கேக்குறவனுக்குக் கசந்துடும், டிப்ஸ் டப்பா காத்தாடும்."

"அப்புறம் எதுக்கு வெள்ளத்துல குதிச்சது தான்தான்னு சொல்லிட்டுத் திரிஞ்சான்?"

"கதைய முழுசாக் கேட்டுப் பாருங்க," என்றாள்.

வண்டி பாலத்தை நோக்கி ஊர்ந்தது. கீழே ஓடை எலும்பாய் உலர்ந்து கிடந்தது. டெலியா, லோனியைப் போலவே தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"இந்த ஓடையப் பாருங்க. உங்க ஊர்ல இதை ரோடுன்னு சொல்வீங்க. ஆனா ஒரு ஆகஸ்ட்ல ஒரு பொண்ணு கார்ல இதுல இறங்கிடுச்சு. மலையிலேர்ந்து தண்ணி வந்துச்சு. நானும் எங்கண்ணனும் கரையில நிக்கிறோம். நான் குதிச்சுட்டேன். தயவுசெஞ்சு கை தட்டாதீங்க. குதிக்கிறதுக்கு மூளை இல்லாம இருந்தாப் போதும், அது நம்ம குடும்பத்துல நிறைய உண்டு."

அயோவாக்காரி சிரித்தாள். ஏமஸ் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார்.

"என் இடுப்புல கட்டுன கயித்தோட மறுமுனை எங்கண்ணன் கையில. மரத்துல சுத்தக்கூட நேரமில்ல. தண்ணி என்னை இழுக்குது, கயிறு அவன் உள்ளங்கைக்குள்ள ஓடுது. தோல் உரிஞ்சு வருது. 'விட்ருடா, நீயும் போயிடுவே'ன்னு ஊர்க்காரங்க கத்துறாங்க. அவன் விடல. கயித்த அப்படியே கையில சுத்திக்கிட்டான். நாங்க கரைக்கு வந்தப்ப, அவன் விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சுத்தான் கயித்த எடுத்தாங்க. அன்னிக்கு ராத்திரி ஊரே எனக்கு பீர் வாங்கிக் குடுத்துச்சு. அவனுக்கு யாரும் வாங்கிக் குடுக்கல. குடுத்திருந்தாலும் கிளாஸப் பிடிக்க அவனுக்குக் கை ஏது?"

டெலியா வேகத்தைக் குறைத்தாள்.

"குதிச்சவனுக்கு எல்லா ஊர்லயும் பேரு உண்டு. பிடிச்சவனுக்கு எந்த ஊர்லயும் இல்ல. அதனாலதான் நான் தினமும் இங்க வண்டிய நிறுத்துறேன்."

டெலியா பிரேக்கை அழுத்தினாள். சக்கரம் நின்றது.

வெள்ளம் வந்த அன்று மதுக்கடையில் கழிந்த இரவு ஏமஸுக்கு முன்னால் வந்து நின்றது. அவரைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். மூலை மேஜையில் லோனி, இரண்டு கையும் துணிப்பந்தாகச் சுற்றியபடி, மேஜைமேல் இருந்த கிளாஸைத் தொடாமல் குனிந்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். 'பாருங்கடா, மாடு தண்ணி குடிக்குது' என்று மேலேயிருந்து கத்தியது ஏமஸ்தான். எல்லாரும் சிரித்தார்கள். லோனியும் நிமிர்ந்து, மூக்கில் நுரையோடு சிரித்தான்.

ஊர்க்காரர்கள் எல்லாரும் இப்போது ஏமஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயசானவர்களில் பாதிப் பேருக்கு, குதித்தது யார், பிடித்தது யார் என்ற உண்மை தெரியும். வெல்டா திரும்பவில்லை. அவள் முதுகு நேராக இருந்தது.

"சார், அவரு அண்ணன் நீங்கதானே?" அயோவாக்காரியின் கண் கலங்கியிருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கையக் கொஞ்சம் காட்டுவீங்களா?"

ஏமஸ் தன் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தார். வியாபாரியின் கைகள். ஆணிப்பெட்டி தூக்கிக் காய்த்ததைத் தவிர ஒரு கீறல் கிடையாது. அவர் திரும்பிப் பின்னால் கிடந்த பெட்டியைப் பார்த்தார். மூடியிருந்த பலகைக்கு அடியில், மான்தோலுக்கு அடியில் இருந்ததைக் காட்டச் சொல்லி அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"வயசாயிடுச்சும்மா," என்றார், கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு. "தழும்பெல்லாம் மறைஞ்சுபோச்சு."

"ஆனா நீங்க விடலையே," என்றாள் அவள்.

"விடல," என்றார். சொல்லும்போது அவர் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெலியா யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்தாள். பின்னால் சிவப்புத் துணி காற்றில் படபடத்தது.

கல்லறை மேட்டின் வாசலில் மணியடிப்பது குடும்பத்து ஆளின் வேலை. டெலியா கூரையிலிருந்து தொங்கிய மணிக்கயிற்றை வெல்டாவிடம் நீட்டினாள். வெல்டா அதை வாங்கி, பின்னால் நீட்டினாள்.

ஏமஸ் எழுந்து வந்தார். பையிலிருந்து கையை எடுத்து, கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றினார். பிறகு இன்னொரு சுற்று. இழுத்தார். பெட்டியை இறக்கினார்கள், மேட்டில் ஏற்றினார்கள், கூட்டம் பின்னாலேயே நகர்ந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"போதும் பெரியவரே," என்றாள் டெலியா. "எல்லாரும் போயாச்சு. விட்ருங்க."

கயிறு இறுகி விரல்நுனிகள் வெளுத்திருந்தன. டெலியா அருகே வந்து, அவர் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.